ஃபமிகொம் கசெற் சேர்க்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்ணூறுகளில் திருகோணமலையில் சிறுவராக இருந்தவர்களுக்கு இப்போது சம்பளம் வருகிறது. கூடவே, ரி.வி.யோடு பொருத்தி, விளையாட்டுக் கசெற் செருகி ஆடிய பழைய ரி.வி. கேம் பெட்டி மீதான ஆசையும் திரும்பி வந்திருக்கிறது. திருத்துவதற்காக என் மேசைக்கு வரும் பெட்டிகள் கடந்த சில வருடங்களாகக் கூடிக்கொண்டே போவதை வைத்து இதைச் சொல்கிறேன். பெட்டியைத் திருத்திக் கொடுப்பது பெரிய வேலையல்ல. அது ஓடத் தொடங்கியதும், "இனி எந்தக் கசெற்றை வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கைபேசியை எடுத்து ஓடர் கொடுத்துவிடுகிறார்களே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முன்னர் நாங்கள் விழுந்தெழும்பிய பள்ளங்களில் ஒன்றுகூட இன்னும் தூர்ந்துபோகவில்லை.

கசெற்றின் வாயில் ஊதாதீர்கள், ஈரக் கையால் தொடாதீர்கள், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கசெற்றைப் பிடுங்காதீர்கள் என்பனவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எந்தச் சிறு பிள்ளையும் சொல்லும். எதை வாங்குவது, எதை விடுவது, வாங்கியது உண்மையில் என்ன என்பதை எப்படி அறிவது ஆகிய விடயங்களில் நடக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ரி.வி. கேம் என்ற பெயரில் விற்கப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலானவை, நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று யப்பானில் 14,800 யென்னுக்கு வெளியிட்ட ஃபமிகொம் என்ற பெட்டியின் நகல்கள். தைவானிலும் பின்னர் சீனாவிலும் செய்யப்பட்டவை. அதே பெட்டி உருமாற்றப்பட்டு, 1985 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் என்.இ.எஸ். என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உள்ளிருக்கும் மூளை ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும் கசெற் பொருந்தும் வாய் வேறு: ஃபமிகொம் கசெற்றில் 60 தொடுமுனைகள், அமெரிக்கக் கசெற்றில் 72. யப்பானில் இந்தப் பெட்டிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் உரிமத்துடன் வெளிவந்தன. வட அமெரிக்காவில் எழுநூறைக்கூட எட்டவில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். கீழே வரும் தவறுகளில் மிக மோசமானது இதிலிருந்துதான் பிறக்கிறது.

மெனுவில் உள்ள எண்ணை நம்புதல்

மஞ்சள் நிறக் கசெற்றின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். திரையில் பட்டியல் ஓடும், பக்கம் பக்கமாகப் புரளும், பின்னணியில் ஒரு இசை இழுத்துக்கொண்டே இருக்கும். உண்மையில் அதற்குள் வேறுபட்ட விளையாட்டுகள் சில பத்துகளுக்கு மேல் இருப்பது அபூர்வம். சிலவற்றில் பத்துகூட இராது. மீதி எல்லாம் அதே விளையாட்டை இரண்டாம் கட்டத்திலிருந்தோ, கூடுதல் உயிர்களுடனோ தொடங்கிவைத்து வேறு பெயர் சூட்டியவை. இது எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இப்படியான கசெற்றை வாங்கிவிட்டு, "ஃபமிகொம் விளையாட்டெல்லாம் என்னிடம் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறையவில்லை. அந்தக் கசெற்றில் 1987க்குப் பின்னர் வந்த விளையாட்டு ஒன்றையாவது காட்டுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் காட்ட முடியாது. அதன் காரணத்தை அடுத்த தலைப்பில் விளக்குகிறேன், ஏனென்றால் அது வெறும் ஏமாற்று வேலையன்று. பெட்டியின் அமைப்போடு தொடர்புடைய விடயம்.

அமெரிக்கப் பட்டியலை வைத்துக்கொண்டு பணம் கொடுத்தல்

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. மற்றத் தவறுகளில் போவது சில ஆயிரம் ரூபாய். இதில் ஒரு மனிதனின் ஒரு வருடச் சேமிப்பு போய்விடுகிறது.

உவர்மலையைச் சேர்ந்த ஒரு தம்பி, நல்ல வேலையில் இருப்பவர், சிறு வயதில் அயல்வீட்டில் இருந்து ஆடிய விளையாட்டுகளையெல்லாம் அசல் கசெற்றாகச் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தார். இணையத்தில் 'மிகச் சிறந்த என்.இ.எஸ். விளையாட்டுகள்' என்ற ஆங்கிலப் பட்டியல் ஒன்றை எடுத்தார். ரொறொன்ரோவில் இருக்கும் மச்சானிடம் அதை அனுப்பி, சாம்பல் நிற அமெரிக்கப் பெட்டி ஒன்றையும் பட்டியலில் இருந்த கசெற்றுகளையும் ஒன்றொன்றாக வாங்கிச் சேர்ப்பித்து, கப்பலில் வந்த பார்சலோடு பார்சலாக இறக்கினார். ஒவ்வொன்றும் அசல், ஒவ்வொன்றும் டொலரில் வாங்கியது. பெட்டியை முதன்முதலில் போட்டபோது சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அதைத் திருத்துவதற்காகத்தான் என்னிடம் வந்தார். அது வழமையான நோய்தான். அமெரிக்கப் பெட்டிக்குள் ஒரு காவல் சிப் இருக்கிறது. கசெற்றுக்குள் இருக்கும் துணைச் சிப்போடு அது பேச முடியாவிட்டால், பெட்டியைச் செக்கனுக்கு ஒரு தடவை மீண்டும் தொடக்கிக்கொண்டே இருக்கும். தொடுமுனைகளைச் சுத்தம் செய்ததும் படம் நின்றது.

அதன் பின்னர் அவர் கசெற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். செல்டா, மெட்ரொய்ட், மெகா மான் 2, நிஞ்ஜா கெய்டன் எல்லாமே நல்ல விளையாட்டுகள். குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவருடைய முகத்தில் மலர்ச்சி வந்தது மரியோவுக்கும் கொன்ட்ராவுக்கும் மட்டும்தான். கடைசிக் கசெற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "அண்ணா, இதுக்குள்ள தாங்கி கேமைக் காணேல்லையே" என்றார். சிங்கத்தின் மேல் ஏறி நெருப்பு வளையத்துக்குள் பாயும் விளையாட்டும் இல்லை. எண்ணெய் முடிவதற்குள் கார் ஓட்டி முடிக்கும் விளையாட்டும் இல்லை. இரண்டு பென்குயின்கள் எதிரெதிர்ப் பக்கம் நடக்கும் விளையாட்டும் இல்லை. அவர் தேடிய எதுவும் இல்லை, ஏனென்றால் அந்த விளையாட்டுகள் அமெரிக்காவில் என்.இ.எஸ். கசெற்றாக வெளியிடப்படவே இல்லை.

தாங்கி கேம் என்று நாங்கள் சொல்வது நாம்கோ நிறுவனம் 1985இல் ஃபமிகொமுக்காகச் செய்த பற்றில் சிற்றி. கீழே நடுவில் செங்கல் சூழ ஒரு கழுகுச் சின்னம். ஒரு கட்டத்துக்கு 20 எதிரித் தாங்கிகள். மொத்தம் 35 கட்டங்கள். மண்வெட்டியை எடுத்தால் செங்கல் இரும்பாகும். கூட விளையாடுபவனைத் தவறிச் சுட்டுவிட்டால் அவன் சில கணம் அசையாமல் நிற்பான், அதில் தொடங்கும் சண்டை சாப்பாட்டு நேரம் வரை நீளும். இது அமெரிக்காவில் என்.இ.எஸ். கசெற்றாக வரவில்லை. சிங்கம் பாய்வது சர்க்கஸ் சார்ளி, 1986. ஃபமிகொம் கசெற்றாக யப்பானில் மட்டும். பென்குயின்கள் நடப்பது ஹட்சன் நிறுவனத்தின் பைனரி லாண்ட், 1985. அதுவும் யப்பானில் மட்டும். எண்ணெய்க் கார், கொனாமி நிறுவனத்தின் ரோட் ஃபைற்றர். அது பின்னர் ஐரோப்பாவுக்குப் போனது, அமெரிக்காவுக்குப் போகவில்லை. நட்ஸ் அண்ட் மில்க், மப்பி, கலக்சியன், யீ ஆர் குங் ஃபூ, எஃப்-1 ரேஸ் என்று இந்த வரிசை இன்னும் நீளும்.

எங்கள் சிறுபருவத்துக் கசெற்றுகளில் இவையே நிறைந்திருந்ததற்குக் காரணம் உண்டு. ஃபமிகொமின் செயலி ஒரே நேரத்தில் கசெற்றில் இருந்து பார்க்கக்கூடிய நிரல் 32 கிலோபைற். படம் வரையும் சிப் பார்க்கக்கூடியது 8 கிலோபைற். இந்த 40 கிலோபைற்றுக்குள் அடங்கும் விளையாட்டுக்கு, நினைவகச் சிப்புகளைத் தவிர வேறு உதவிச் சிப் எதுவும் தேவைப்படாது. 1985 செப்ரெம்பரில் வந்த சுப்பர் மரியோ பிரதர்ஸ் அந்த 40ஐயும் முழுவதுமாக நிரப்பியது. பற்றில் சிற்றிக்கு 24 போதும். அதற்குப் பின்னர் விளையாட்டுகள் பெருத்தன. 1988இல் வந்த சுப்பர் மரியோ பிரதர்ஸ் 3 மொத்தம் 384 கிலோபைற், 1993இல் வந்த கேர்பியின் விளையாட்டு 768 கிலோபைற். இவற்றை ஓட்டுவதற்கு, நினைவகத்தைத் துண்டு துண்டாக மாற்றி மாற்றிக் காட்டும் தனிச் சிப் கசெற்றுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்தச் சிப்பும் கொம்பனிக்குக் கொம்பனி, விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும். பல விளையாட்டை ஒரே கசெற்றில் அடைத்து விற்றவர்களுக்கு இந்தத் தொல்லை ஒத்துவராது. சிறிய விளையாட்டுகளாக இருந்தால், 512 கிலோபைற் நினைவகத்தில் 16 கிலோபைற் நிரல்கள் 32 அடங்கும். எந்தத் துண்டைக் காட்டுவது என்று தெரிவுசெய்ய மலிவான ஒரு சிறு சிப் போதும். ஆகவே 1983 முதல் 1986 வரையிலான யப்பானியத் தொகுப்பு அப்படியே அள்ளப்பட்டு, கசெற் கசெற்றாக ஆசியா முழுவதும் பரவி, மத்திய வீதிக் கடைகளிலும் வந்து தொங்கியது.

அமெரிக்காவுக்கு அந்தக் காலத்து விளையாட்டுகள் ஏன் போகவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 1983இல் அங்கே வீடியோ கேம் சந்தையே சரிந்து கிடந்தது. நிண்டெண்டோ அங்கே கால் ஊன்றி, வெளிக் கொம்பனிகளுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கிய வேளையில், ஒரு கொம்பனி வருடத்துக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது என்று நிபந்தனை போட்டது. ஐந்து இடங்கள்தான் என்றால் எந்தக் கொம்பனியும் மூன்று நான்கு வருடப் பழைய சிறிய விளையாட்டை அதில் போட்டு இடத்தை வீணாக்காது; புதிதாக, பெரிதாக உள்ளதையே போடும். கொனாமி இந்த வரம்பைத் தாண்டுவதற்காகவே அல்ட்ரா கேம்ஸ் என்ற இன்னொரு பெயரில் ஒரு கொம்பனியைத் தொடங்கியது என்றால், அந்த ஐந்து இடங்களுக்கு இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

எனவே அமெரிக்கப் பட்டியல் என்பது 1987க்குப் பின்னர் ஓர் அமெரிக்கச் சிறுவனின் வரவேற்பறையில் இருந்தவற்றின் பட்டியல். அதில் பிழை ஒன்றும் இல்லை. அது உங்களுடைய நினைவின் பட்டியல் அன்று, அவ்வளவுதான். அதை ஒரு புதிய உலகமாக அறிய விரும்பி வாங்கினால் தாராளமாக வாங்குங்கள். சிறுவயது விளையாட்டைத் தேடி அதை வாங்குவது, நல்லூர்த் தேர் பார்க்கப் புறப்பட்டுக் கதிர்காமத்துக்குப் பஸ் ஏறுவதற்குச் சமம்.

இரண்டு பட்டியல்களிலும் பெயர் இருந்தாலும் பொருள் ஒன்றாக இராது என்பது அடுத்த சிக்கல். கொன்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். யப்பானியக் கசெற்றில் கொனாமி தன் சொந்தச் சிப்பைப் போட்டிருந்தது. அதனால் கட்டங்களுக்கு இடையில் வரைபடமும் கதைக் காட்சிகளும் வரும், காட்டில் ஓலைகள் அசையும், பனிக் கட்டத்தில் பனி வீசும். அமெரிக்கக் கசெற்றில் இவை எதுவும் இல்லை. ஐரோப்பாவில் அதே விளையாட்டு புரொபொற்றெக்டர் என்ற பெயரில் வந்தது. மனிதர்களுக்குப் பதிலாக ரோபோக்கள் ஓடும். மூன்றாவது காசில்வேனியாவின் யப்பானியக் கசெற்றில் இருக்கும் சிப், பெட்டியின் சொந்த ஒலியோடு மேலும் மூன்று ஒலித்தடங்களைச் சேர்க்கிறது. ஃபமிகொமில் ஒலி கசெற்றின் ஊடாகச் சென்று திரும்புவதால் அது இயலும். அமெரிக்கப் பெட்டியின் கசெற் வாயில் அந்த வழி இல்லை என்பதால் அங்கே விற்ற கசெற்றில் இசையையே மாற்றி எழுத வேண்டியிருந்தது. மரியோ 2 இன்னும் குழப்பம்: யப்பானில் 1986இல் வந்த இரண்டாம் மரியோ, முதலாவதைக் கடினமாக்கிய விளையாட்டு. அமெரிக்காவில் 1988இல் அதே பெயரில் வந்தது, யப்பானில் டோக்கி டோக்கி பனிக் என்ற பெயரில் வந்த வேறொரு விளையாட்டுக்கு மரியோ வேடம் போட்டது.

இத்தனைக்கும் உங்கள் வீட்டில் கிடக்கும் நகல் பெட்டியின் வாய் 60 முனை வாய். யப்பானியக் கசெற் அதில் நேரடியாகப் பொருந்தும். காவல் சிப் தொல்லையும் இல்லை. பெட்டியும் புத்தகமும் இல்லாத தனிக் கசெற்றாக எடுத்தால், 1985ஆம் ஆண்டளவில் பெருந்தொகையாக விற்ற யப்பானிய விளையாட்டுகள், அமெரிக்கக் கசெற்றுகளைவிடப் பொதுவாக மலிவு. சுடுவதற்கும் பாய்வதற்கும் யப்பானிய மொழி தேவையில்லை.

நான் அந்தத் தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு சதம் செலவழிப்பதற்கு முன்னர், நினைவில் உள்ள விளையாட்டுகளைப் பெயர் தெரியாவிட்டாலும் திரையில் கண்டபடி எழுதுங்கள்: கழுகு, சிங்கம், எண்ணெய்க் கார். பழைய கசெற் மெனுவில் இருந்த பெயரை நம்பாதீர்கள். அடைத்து விற்றவர்கள் பெயரை மாற்றினார்கள், முதற்பக்கத்தில் இருந்த கொம்பனிப் பெயரையும் ஆண்டையும் அழித்தார்கள். சிறுவயதில் 'தாங்கி 1990' என்று ஆடியதும் பற்றில் சிற்றியில் கைவைத்து மாற்றிய ஒன்றே. பின்னர் விளையாட்டின் அசல் பெயரையும் வெளிவந்த நாட்டையும் உறுதிப்படுத்தி, யப்பானிய கற்றகானா எழுத்தில் உள்ள பெயரைப் பிரதி செய்து தேடுங்கள். ஆங்கிலப் பெயரால் தேடினால் ஆங்கிலம் பேசும் விற்பனையாளர்களின் விலைதான் கண்ணில் படும்.

அடாப்டர்

யப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கு, அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கு; எங்கள் சுவரில் வருவது 230. அசல் ஃபமிகொமுக்கு நேர் மின்னோட்டம் வேண்டும், அமெரிக்க அடாப்டர் தருவது ஆடல் மின்னோட்டம். இரண்டையும் மாற்றிச் செருகுகிறவர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

வேகத்தைப் பிழை என்று கருதுதல்

கணினியில் எமியூலேட்டர் (பழைய பெட்டியைப் போலவே நடக்கும் மென்பொருள்) போட்டு அசல் யப்பானிய விளையாட்டின் கோப்பை ஓட்டிப் பார்த்தவர்கள், "இது சின்ன வயதில் ஆடியதைவிட வேகமாக ஓடுகிறது, கோப்பு பழுது" என்று முடிவுசெய்து அழித்துவிட்டு வேறு கோப்புத் தேடுகிறார்கள். கோப்பு சரியானது. யப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி என்.ரி.எஸ்.சி. முறையில், செக்கனுக்கு 60 படங்கள். விளையாட்டுகள் அந்தக் கணக்கில் எழுதப்பட்டவை. இலங்கையில் தொலைக்காட்சி பி.ஏ.எல். முறையில், செக்கனுக்கு 50. இங்கே விற்பதற்காகச் செய்த நகல் பெட்டிகள் 50இல் ஓடின. ஆகவே ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது ஆறு நிமிடம் எடுத்தது. நாங்கள் எல்லோரும் மரியோவை ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஆடியே பழகினோம்.

இதில் நுட்பமான ஒன்று உண்டு. நிண்டெண்டோ ஐரோப்பாவுக்காகச் செய்த அசல் பெட்டியில் செயலியின் வேகமும் குறைக்கப்பட்டிருந்ததால் (1.66 மெகாஹேர்ட்ஸ், யப்பானில் 1.79) இசையின் சுருதியே இறங்கிவிடும். நகல் பெட்டிகளின் செயலியோ 1.77இல் ஓடியது. ஆகவே எங்கள் காதில் விழுந்தது, சுருதி ஏறத்தாழ அசலாகவும் தாளம் மட்டும் மெதுவாகவும் இருந்த ஓர் இசை. எமியூலேட்டரில் வெறும் பி.ஏ.எல். என்று மாற்றினால் அது கிடைக்காது. ரஷ்யாவில் விற்கப்பட்ட நகல் பெட்டியின் பெயரால் டெண்டி என்று ஒரு தெரிவு இருக்கும், அதை எடுங்கள். மெசென், எஃப்.சி.இ.யூ.எக்ஸ். என்ற எமியூலேட்டர்கள் இரண்டிலும் உண்டு.

ஒளித் துப்பாக்கி

வாத்துச் சுடும் விளையாட்டுக்கான இந்தத் துப்பாக்கியால் எவ்வளவு சுட்டாலும் எல்.சி.டி. திரையில் வாத்து விழாது. பழைய பெருவயிற்று ரி.வி. இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

டிஸ்க் சிஸ்டம்

டிஸ்க்கில் வந்த விளையாட்டுகளை ஃபமிகொமில் ஓட்டுவதற்காக 1986 பெப்ரவரியில் வந்த இந்த இணைப்புப் பெட்டியின் உள்ளிருக்கும் இறப்பர் பட்டி காலப்போக்கில் உருகிப் பசையாகிவிடும். எங்கள் ஊர் வெக்கையில் இன்னும் விரைவாக உருகும். பட்டி மாற்றத் தெரியாதவர் தொடவே கூடாது.

எழுத்து நிறைந்ததை முதலில் வாங்குதல்

டிராகன் குவெஸ்ட், ஃபைனல் ஃபான்ரசி போன்றவற்றின் யப்பானியக் கசெற்றுகள் இலட்சக்கணக்கில் விற்றவற்றின் வரிசையில் வருவதால் மலிவாகக் கிடைக்கும். அதைக் கண்டு பை நிறைய வாங்கிவிடுகிறார்கள். ஊரில் உள்ளவர்களோடு பேசிப் பேசித்தான் கதை நகரும் விளையாட்டில், ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாதவர் முதல் வாசலையும் தாண்டமாட்டார். அலுமாரியில் அழகாக இருக்கும் என்றால் அது வேறு கதை.

சேமிப்புப் பற்றரியில் கைவைத்தல்

சில கசெற்றுகளுக்குள் நாணய வடிவ லித்தியம் பற்றரி ஒன்று இருக்கிறது. விளையாட்டு நிறுத்திய இடத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். அமெரிக்காவில் 1987இல் வந்த செல்டாக் கசெற் இதற்குப் பேர்போனது. பற்றரி இறந்தால் விளையாட்டு ஓடும், சேமிப்பு மட்டும் நிற்காது. இதைத் தெரியாமல் கசெற்றே பழுது என்று அரைவிலைக்குத் தள்ளிவிடுபவர்களும், தெரிந்துகொண்டு ஈயம் பற்றவைக்கும் கோலை நேரே பற்றரியின் முதுகில் வைத்துச் சூடாக்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது ஆபத்தானது, லித்தியம் பற்றரி சூட்டில் வெடிக்கும். உலோகக் கால்கள் ஏற்கெனவே பொருத்திய பற்றரி விற்கிறார்கள்; அதை வாங்கிக் கால்களை மட்டும் பற்றவையுங்கள். பழையதைக் கழற்றுவதற்கு முன்னர், கசெற் வாசிப்பான் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து உள்ளிருக்கும் சேமிப்பைக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய கணத்தில் அது அழிந்துவிடும்.

செல்டாவை நிறுத்தும்போது ரீசெற் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெட்டியை அணைக்கும்படி எழுதியிருக்கும். அது அலங்காரத்துக்கு எழுதியதன்று: மின்சாரம் விழும் கணத்தில் செயலி தாறுமாறாக எதையாவது நினைவகத்தில் எழுதிவிடாமல் அது தடுக்கிறது. கரண்ட் எந்த நேரத்தில் போகும் என்று சொல்ல முடியாத காலங்களில் இவ்வகைக் கசெற்றை யூ.பி.எஸ். இல்லாமல் ஓட்டாதீர்கள். கடவுச்சொல் எழுதிக்கொள்ளும் விளையாட்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை. முதலாவது டிராகன் குவெஸ்ட்கூட அப்படித்தான், ஆனால் அந்தக் கடவுச்சொல்லும் யப்பானிய எழுத்தில்.

மேலட்டையைப் பார்த்து வாங்குதல்

வெளி ஓடு அசலாக இருக்கும், உள்ளே சிப்புகள் பொருத்திய பலகை வேறாக இருக்கும். விலை கூடிய விளையாட்டுகளில் இது சாதாரணம். விற்பவரிடம் உட்பலகையின் படம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் நகர்ந்துவிடுங்கள். பல ஃபமிகொம் கசெற்றுகளுக்கு ஆணி இல்லை, கொழுக்கிகளால் பூட்டியிருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் நுழைத்து மெதுவாகத் திறக்க வேண்டும், திருப்புளியால் நெம்பினால் விளிம்பு வெள்ளையாகக் கடிபட்டுவிடும். பெரும்பாலான அமெரிக்கக் கசெற்றுகளின் ஆணிக்குச் சாதாரணத் திருப்புளி பொருந்தாது, 3.8 மில்லிமீற்றர் தனி முனை வேண்டும்.

திறந்ததும் பார்க்க வேண்டியது: எழுத்துப் பொறித்த செவ்வகச் சிப்புகள் வரிசையாக இருக்கின்றனவா, பலகையில் கொம்பனியின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா. நகல்களில் பெரும்பாலும் கறுப்புப் பிசின் துளி ஒன்று மட்டும் பலகையில் அப்பியிருக்கும். அதன் கீழேதான் சிப். ஆனால் பிசின் துளியைக் கண்ட உடனே போலி என்று கூச்சல் போடாதீர்கள், சில அசல் கசெற்றுகளிலும் அது உண்டு. பிசின் துளி, பெயரில்லாத பலகை, மெல்லிய மங்கலான தொடுமுனை மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகமே இல்லை. தொடுமுனை கறுத்திருந்தால் மண்கடதாசி போட்டுத் தேய்க்கிறார்கள் சிலர். அசலின் முனைகளில் மெல்லிய தங்கப் பூச்சு இருக்கும். ஒரு தேய்ப்பில் அது போய்விடும், பின்னர் உப்புவெளிக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் அற்ககோலும் பஞ்சும் போதும்.

கோப்பின் தலைப்பைப் பார்க்காமல் விடுதல்

சொந்தக் கசெற்றுகளைக் கணினிக்கு எடுத்துவைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பின் முதல் 16 பைற்றுகள் விளையாட்டன்று. எந்த வகைப் பலகை, எத்தனை கிலோபைற் என்று எமியூலேட்டருக்குச் சொல்லும் தலைப்பு. பழைய மென்பொருள் ஒன்று இந்தத் தலைப்பின் வெற்றிடத்தில் 'டிஸ்க்டூட்!' என்று தன் பெயரை எழுதிவைத்தது; அதனால் பலகையின் வகையைச் சொல்லும் எண் 64ஆல் கூடிவிடும், திரை சாம்பலாகவே நிற்கும். நண்பர் கொடுத்த கோப்பு ஓடவில்லை என்றால் முதலில் அந்த 16 பைற்றையும் திறந்து பாருங்கள்.

பழைய பல விளையாட்டுக் கசெற்றை எறிதல்

அசல் வரத் தொடங்கியதும் வீட்டில் இருந்த மஞ்சள் கசெற்றுகளைக் குப்பையில் போடுகிறார்கள். அவை சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல, காசுக்கும் பெறாதவை. ஆனாலும் அவற்றின் மெனுக்களும், அங்கங்கே கைவைத்து மாற்றிய விளையாட்டுகளும் பல வேளைகளில் வேறெங்கும் பதிவாகவில்லை. அடைத்து விற்றவர் யாரென்று தெரியாததால் அசலைத் திரும்ப எங்கும் கேட்டுப் பெறவும் முடியாது. எறிவதற்கு முன்னர் வாசிப்பான் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். வைத்திருப்பதாக இருந்தால், மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்து, வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது பொட்டலத்தை மாற்றுங்கள். எந்தக் கடையில், எந்த வருடத்தில் வாங்கியது என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கசெற்றோடு சேர்த்து வையுங்கள்; மேலட்டையில் எழுதவோ, ஒட்டுநாடா ஒட்டவோ வேண்டாம்.